முதுகுவலிக்கு மனச்சோர்வு மாத்திரை: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

மூன்று மாதத்துக்கு மேலாக முதுகு வலிக்கிறது, ராத்திரித் தூக்கமும் போச்சு என்று டாக்டரைப் பார்க்கப் போனீர்கள். திரும்பி வரும்போது சீட்டில் அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டுலாக்ஸெடின் என்ற மூன்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. "இது நரம்பு மாத்திரை, ராத்திரி ஒண்ணு போடுங்க" என்பதோடு டாக்டரின் விளக்கம் முடிந்திருக்கும். வீட்டுக்கு வந்து பெயரைக் கூகுளில் தட்டினால் முதல் வரியிலேயே மனச்சோர்வுக்கான மருந்து என்று வருகிறது. "ஏங்க, வலிக்கிறது இடுப்புல, மாத்திரை மனசுக்கா?" என்று வீட்டிலும் கேட்டுவிடுகிறார்கள். சிலர் அதோடு அட்டையை அலமாரியில் போட்டுவிடுவார்கள். வேறு சிலர் ஒரு கேள்வியும் கேட்காமல் வருஷக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி.

இந்த மாத்திரையைத் தவணை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். எதற்காகப் போடுகிறோம், எத்தனை வாரம் பார்ப்போம், பலன் இல்லையென்றால் எப்படி நிறுத்துவோம் என்பதைத் தொடங்கும் அன்றே டாக்டரோடு பேசிவைத்துக்கொள்வது நல்லது. கீழே வருகிற அளவுகள் உங்கள் சீட்டைப் புரிந்துகொள்வதற்குத்தான். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்குவதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாத்திரை முதுகில் என்ன செய்கிறது?

வலிச் செய்தி முதுகிலிருந்து மூளைக்கு ஏறிப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவந்து அந்தச் செய்தியை அடக்குகிற பாதையும் உண்டு. அந்தப் பாதையில் வேலை செய்யும் ரசாயனங்களில் முக்கியமானவை நார்அட்ரினலினும் செரட்டோனினும். இந்த மாத்திரைகள் அவ்விரண்டும் நரம்பு முனைகளில் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கும்படி செய்கின்றன. மனநிலையிலும் இதே ரசாயனங்களுக்குப் பங்கிருப்பதால்தான் ஒரே மருந்து இரண்டு இடத்திலும் எழுதப்படுகிறது. வலி நாள்பட்டுப்போனால் அடக்குகிற பாதை பலவீனமாகிவிடுவதுண்டு. அதைத் தூக்கிப்பிடிக்கலாம் என்பதே இந்த வைத்தியத்தின் அடிப்படை.

'அப்படியென்றால் எனக்கு மனச்சோர்வு என்று டாக்டர் நினைக்கிறாரா?' என்று மனசு குடைந்தால் இதைக் கேளுங்கள். 1987-இல் அமெரிக்காவில் மிட்செல் மாக்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் சர்க்கரை நோயால் கால் நரம்பு கெட்டு வலியில் இருந்தவர்களுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் வலி குறைந்தது, இல்லாதவர்களுக்கும் குறைந்தது. அளவைப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்தால் ஒரு நாளைக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை போகும். வலிக்கும் தூக்கத்துக்கும் 10-இல் தொடங்கி, பெரும்பாலும் 25 அல்லது 50-க்குள் நிறுத்திவிடுவார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்களுக்கு உண்மையிலேயே மனச்சோர்வும் இருந்தால் அந்தப் 10 மில்லிகிராம் அதற்குப் போதாது. நாள்பட்ட வலியும் மனச்சோர்வும் சேர்ந்து வருவது சகஜம், வெட்கப்பட ஒன்றுமில்லை. எதிலும் பிடிப்பில்லை, அழுகையாக வருகிறது என்றால் அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். 'மாத்திரைதான் போடுகிறோமே' என்று இருந்துவிட வேண்டாம். டுலாக்ஸெடின் கதை வேறு. வலிக்கும் 60 மில்லிகிராம், மனச்சோர்வுக்கும் பெரும்பாலும் அதே 60.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இதைப் பற்றி உடைத்துப் பேசுகிறவர்கள் குறைவு. 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. டுலாக்ஸெடின் வகை மருந்துகள் முதுகுவலியை, நூற்றுக்கு மதிப்பெண் போட்டால், சராசரியாக ஏறக்குறைய 5 புள்ளிதான் குறைக்கின்றன என்றது அது. 60-இல் இருந்த வலி 55 ஆனால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அது சராசரி. ஒரு சிலருக்கு நன்றாகவே குறையும், பலருக்கு அசையவே அசையாது. நீங்கள் எந்தப் பக்கம் என்று போட்டுப் பார்க்காமல் சொல்ல வழியில்லை. அதனால்தான் மேலே தவணை என்றேன்.

டுலாக்ஸெடினை நாள்பட்ட இடுப்புவலிக்குக் கொடுக்க அமெரிக்க மருந்துத் துறை 2010-இல் அனுமதித்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் 2023 தொகுப்பு 176 ஆய்வுகளைப் பார்த்தது. எல்லா விதமான நாள்பட்ட வலியையும் சேர்த்துப் பார்த்தால், நம்பகமான சான்று ஓரளவுக்கு உள்ளது டுலாக்ஸெடினுக்குத்தான் என்றும், 60 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதால் கூடுதல் பலன் தெரியவில்லை என்றும் அது முடித்தது. உங்கள் சீட்டில் 60-இலிருந்து 90, 120 என்று ஏறினால் ஏன் என்று கேட்க இது ஒரு காரணம்.

நம் பக்கத்தில் அதிகம் எழுதப்படும் அமிட்ரிப்டிலினுக்கு முதுகுவலியில் சான்று இன்னும் மெலிவு. ஆஸ்திரேலியாவில் 146 பேரை வைத்து ஆறு மாதம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. பாதிப் பேருக்கு 25 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின். மற்றவர்களுக்கு வெறும் சர்க்கரை மாத்திரை கொடுக்கவில்லை, அதேபோல வாயை உலர்த்தும் வேறொரு மருந்தைக் கொடுத்தார்கள். வாய் உலர்வதை வைத்து யாரும் தன் மாத்திரை எது என்று கண்டுபிடித்துவிடக் கூடாதல்லவா, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. மூன்றாம் மாதத்தில் அமிட்ரிப்டிலின்காரர்களுக்கு அன்றாட வேலை செய்வது கொஞ்சம் சுலபமாகியிருந்தது. ஆறாம் மாதத்தில் இரு தரப்புக்கும் வலியில் உறுதியான வித்தியாசம் இல்லை.

வழிகாட்டுதல்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017-இல், உடற்பயிற்சி முதலானவற்றையும் சாதாரண வலி மாத்திரைகளையும் பார்த்துச் சரிவரவில்லையென்றால் டுலாக்ஸெடினை யோசிக்கலாம் என்றது. 2023 டிசம்பரில் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் இடுப்புவலி வழிகாட்டுதல், மனச்சோர்வு மருந்துகளை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் பொருள் இது: முதல் மருந்தாக இது வரக்கூடாது, எல்லோருக்கும் வரக்கூடாது. முதுகோடு காலிலும் எரிச்சல், மரத்துப்போதல், ஷாக் அடிப்பது போன்ற நரம்பு வலி இருப்பவர்களுக்கும், வலியால் தூக்கம் கெட்டுக் கெட்டு மறுநாள் முழுக்க எதுவும் ஓடாதவர்களுக்கும் சோதித்துப் பார்க்க ஒரு நியாயம் இருக்கிறது.

தொடங்கும் முன்

முதலில், இந்த முதுகுவலி மாத்திரையோடு காத்திருக்கக்கூடிய வலிதானா என்று பாருங்கள். சிறுநீர் திடீரென்று அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தொங்கிப்போவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாலையில் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், படுத்தாலும் விடாத வலி என்றால் முதுகெலும்புக் காசநோயும் நம் ஊரில் யோசிக்க வேண்டிய ஒன்று. ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர், கீழே விழுந்த முதியவர் ஆகியோரும் முதலில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அப்புறம் டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டிய விஷயங்கள். கூட்டமான ஓ.பி.யில் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். மாரடைப்பு வந்திருக்கிறதா, இதயத் துடிப்பில் கோளாறு உண்டா? நாற்பதைத் தாண்டியவர்கள் அமிட்ரிப்டிலினுக்கு முன் ஒரு ஈ.சி.ஜி. வேண்டுமா என்று கேட்டுவிடலாம். கண்ணில் நீர் அழுத்தம், ப்ராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவது, வலிப்பு இவை இருந்தால் அமிட்ரிப்டிலின் ஒத்துவராமல் போகலாம். ஈரல் கோளாறு, அன்றாடம் குடிக்கிற பழக்கம், சிறுநீரகம் மோசமாகக் கெட்டிருப்பது இவை இருந்தால் டுலாக்ஸெடின் கூடாது. வாழ்க்கையில் எப்போதாவது தூக்கமே இல்லாமல், அளவு கடந்த உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்துகொண்டு நாட்கணக்கில் இருந்த காலம் உண்டென்றால் அதையும் மறைக்காதீர்கள். இருமுனைக் கோளாறு உள்ளவர்களை இந்த மாத்திரைகள் அந்தப் பக்கம் தள்ளிவிடக்கூடும். கர்ப்பம், பால் கொடுப்பது, குழந்தைக்குத் திட்டமிடுவது எதுவானாலும் முன்னமே பேசிவிடுங்கள்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அமிட்ரிப்டிலினைக் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறார்கள். தலைசுற்றி விழுவது, குழப்பம், சிறுநீர் அடைப்பு மூன்றும் அந்த வயதில் எளிதாக வரும். அப்பா அம்மாவுக்கு எழுதியிருந்தால் வேறு வழி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

இதற்குத் தனித் தலைப்பு போடுவதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் இந்த மருந்துகள் தனியாக வருவதைவிடக் கூட்டு மாத்திரைக்குள் ஒளிந்து வருவதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. பிராண்டு பெயருக்குப் பின்னால் 'என்.டி.' என்று இருந்தால் உள்ளே நார்ட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இருக்க வாய்ப்பு அதிகம். கூடவே நரம்பு வலிக்குக் கொடுக்கும் வேறு மருந்துகளான ப்ரீகாபலினோ காபாபென்டினோ இருக்கும். சிலவற்றில் பி12 வைட்டமினும் சேர்ந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் அச்சாகியிருக்கும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

கூட்டு மாத்திரையில் எனக்குப் பிடிக்காத விஷயம், எது வேலை செய்கிறது, எது தொந்தரவு செய்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான். காலில் வீக்கமும் தள்ளாட்டமும் வந்தால் ப்ரீகாபலினாக இருக்கலாம். வாய் உலர்ந்தால் நார்ட்ரிப்டிலின். ஒன்றைக் குறைத்து மற்றதை வைத்துக்கொள்ள வழி கிடையாது. ப்ரீகாபலினுக்கும் பெரிய சான்று ஒன்றும் இல்லை: 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் சயாட்டிகா என்ற, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. "இதைத் தனித்தனியாக எழுதித் தர முடியுமா டாக்டர்?" என்று பணிவாகக் கேட்பதில் தப்பே இல்லை.

அமிட்ரிப்டிலினோடு குளோர்டயாஸிபாக்ஸைடு சேர்ந்த மாத்திரையும் ஒன்று இருக்கிறது. பின்னது பழக்கத்துக்கு அடிமையாக்கும் வகை. அப்படி ஒன்று கையில் வந்தால் எத்தனை நாளைக்கு என்று அப்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வேறு மாத்திரைகளோடு மோதல் என்று பார்த்தால், முதுகுவலிக்காரர்களுக்கு முதல் ஆபத்து ட்ரமடால். பாராசிட்டமாலோடு சேர்ந்த மாத்திரையாக அதுவும் வலிக்கு எழுதப்படுகிறது. எலும்பு டாக்டர் அதை எழுத, நரம்பு டாக்டர் இதை எழுத, இரண்டும் உள்ளே போனால் செரட்டோனின் அளவு மீறலாம், வலிப்பும் வரலாம். வழக்கமான மருந்துக்கு மசியாத காசநோய்க்குக் கொடுக்கும் லினசோலிடும் இதே கணக்கு. டுலாக்ஸெடினோடு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகள் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும். சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் டுலாக்ஸெடினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அதனால் வயிற்றுப்போக்குக்குக் கடையில் நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். நாட்டு மருந்து, சித்த மருந்து ஏதாவது எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

முதல் இரவும் முதல் இரண்டு வாரமும்

அமிட்ரிப்டிலின் 10 என்றால் படுக்கும் நேரத்தில் போடாமல் அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போடுங்கள். பத்து மணிக்குப் படுப்பவர் எட்டு மணிக்கு, இரவுச் சாப்பாட்டோடு. பதினொரு மணிக்குப் போட்டால் காலை ஏழு மணிக்கும் கண் சொக்கும். மறுநாள் வேலைக்குப் போகாத ஓர் இரவில் தொடங்குங்கள், சனிக்கிழமை என்றால் தோது. முதல் சில நாட்கள் காலையில் பைக் ஓட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். இந்த மயக்கம் அவில் போட்டால் வருகிற மயக்கத்தின் உறவுதான்: இரண்டும் உடம்பில் ஹிஸ்டமினைத் தடுக்கின்றன. ஒரு வாரத்தில் பெரும்பாலும் பழகிவிடும். பழகவில்லையென்றால் மயக்கம் குறைவான நார்ட்ரிப்டிலினுக்கு மாற்றலாமா என்று கேட்கலாம்.

ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது சட்டென்று எழுந்து நிற்காதீர்கள். படுக்கை ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, பிடித்து எழுங்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கண் இருட்டும். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, படி இறங்கிப் போகும்படி இருந்தால் முதல் வாரம் யாரையாவது துணைக்கு எழுப்புங்கள்.

வாய் உலரும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், சோம்பு மெல்லலாம். மிட்டாயும் இனிப்புக் காப்பியுமாக வாயை நனைத்துக்கொண்டிருந்தால் பல் போகும், சர்க்கரை ஏறும். இந்த மாத்திரை ஏற்கெனவே பசியைக் கூட்டி எடை போட வைக்கக்கூடியது. மலச்சிக்கல் நிச்சயம் எட்டிப்பார்க்கும். கீரை, பழம், தண்ணீர் என்று முதல் நாளிலிருந்தே கவனியுங்கள். முக்கி முக்கி முதுகுவலியைக் கூட்டிக்கொண்டவர்களும் உண்டு. இன்னொன்று: அமிட்ரிப்டிலின் வியர்வையைக் குறைக்கும். கத்திரி வெயிலில் வெளியில் வேலை செய்கிறவருக்கு உடம்புச் சூடு இறங்காமல் போகலாம். சித்திரை, வைகாசியில் இதைத் தொடங்கினால் மதிய வெயிலைத் தவிர்ப்பது கட்டாயம்.

டுலாக்ஸெடின் நேர்மாறு, வியர்க்க வைக்கும். இதை வழக்கமாக ஒரு வாரம் 30 மில்லிகிராம், பிறகு 60 என்று கொடுப்பார்கள். தூக்கத்தைக் கலைக்கக்கூடியது என்பதால் காலையில் போடுவது நல்லது. சிலருக்கு மயக்கம் வரும், அவர்கள் டாக்டரைக் கேட்டு இரவுக்கு மாற்றலாம். முதல் வாரம் குமட்டல் படுத்தும், அதனால் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளே இருக்கும் குருணையைக் கொட்டிக் குடிக்கவோ பொடிக்கவோ கூடாது. வயிற்று அமிலத்தில் கரையாதபடி பூச்சு போட்டது அது. ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பத்தியத்தில் ஆர்வமும் இன்பமும் குறைவது இரண்டு மருந்திலும் நடக்கிறது. சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்துகிறார்கள். டாக்டருக்கு அது புது விஷயமே இல்லை, சொல்லிவிடுங்கள்.

எந்த மருந்தானாலும் குடி வேண்டாம். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடாதீர்கள். இரவு மறந்த அமிட்ரிப்டிலினைக் காலையிலும் போடாதீர்கள்.

ஒரு நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் மூன்றே விஷயம்: வலி பத்துக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் தூங்கினேன், இன்றைக்கு என்ன செய்ய முடிந்தது. மூன்றாவதுதான் முக்கியம். 'வலி ஆறு, ஆனாலும் ரேஷன் கடை வரை நடந்து திரும்பினேன்' என்று எழுதியிருந்தால் அது முன்னேற்றம். வலி எண்ணை மட்டும் பார்ப்பவர் 'ஒன்றும் குறையவில்லை' என்று சொல்லிவிடுவார். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே ஒரு வாரம் எழுதிவைத்துக்கொண்டால் ஒப்பிடுவதற்கு ஆதாரம் இருக்கும். குறிக்கோளையும் உருப்படியாக வையுங்கள். 'வலியே இருக்கக் கூடாது' என்று வைத்தால் தோற்பது நிச்சயம். 'பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்', 'இரவில் ஒரு தடவைக்கு மேல் எழக்கூடாது' என்பவை அளக்கக்கூடியவை.

தூக்கம் தனிக் கணக்கு

அமிட்ரிப்டிலின் தூக்கத்தை முதல் சில இரவுகளிலேயே மாற்றும், வலிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதனால் முதல் வாரத்தில் நன்றாகத் தூங்கினேன், வலி போகவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். தூக்கம் சரியானாலே மறுநாள் வலியைத் தாங்கும் சக்தி கூடுகிறது என்பதும் உண்டு. வலி குறையாவிட்டாலும் தூக்கத்துக்காக மட்டும் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தெரிந்தே செய்தால் சரி.

தூக்கம் கெட வேறு காரணம் இருந்தால் இது மூடி மறைத்துவிடும். பலமான குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலெல்லாம் தூங்கி விழுவது என்றால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கலாம். எடை கூட்டும் மாத்திரை அதற்கு உதவாது. படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது, எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது என்றால் அது கால் அமைதியின்மை நோய். அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், மிர்டாஸபின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து எல்லாமே அதை மோசமாக்கலாம். இரும்புச்சத்து குறைவா என்று ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரையோடு கூட, ஞாயிறு உட்பட ஒரே நேரத்தில் எழுவது, மதியம் மூன்றுக்கு மேல் டீ காப்பியை விடுவது, தூக்கம் வராமல் இருபது நிமிஷம் புரண்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்வது இந்த மூன்றும் செலவில்லாதவை. போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று நான் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

கிடைத்த இடைவெளியில் நடக்க வேண்டும். 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகுவலி வந்து தேறிய 701 பேரில் படிப்படியாக நடைப்பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அடுத்த வலி திரும்ப, இடைநிலைக் கணக்கில், 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். அது வலி தேறியவர்களைப் பற்றிய கணக்கு என்பது உண்மைதான். ஆனாலும் வலி நீடிக்கிறவர்களுக்கும் பயிற்சிதான் முதல் வைத்தியம், அதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. நேற்று ஐந்து நிமிஷம் நடந்தவர் இந்த வாரம் ஏழு நிமிஷம் நடந்தால் போதும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில்

நோட்டோடு போய் டாக்டர் முன்னால் உட்காருங்கள். எழுதிவைத்த குறிக்கோளில் ஏதாவது எட்டியதா? பக்கவிளைவுக்கு அது ஈடாகிறதா? எட்டியது, ஈடாகிறது என்றால் சில மாதங்கள் தொடர்ந்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை குறைத்துப் பார்க்கலாமா என்று பேசிவையுங்கள். தாங்கக்கூடிய அளவில் ஆறேழு வாரம் ஒழுங்காகப் போட்டும் நோட்டில் ஒன்றும் மாறவில்லை என்றால் இந்த மாத்திரை உங்களுக்கு வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். அதன்மேல் இன்னொன்றை அடுக்குவதற்கு முன் இதை இறக்கச் சொல்லிக் கேளுங்கள். சீட்டில் மாத்திரைகள் கூடிக்கொண்டே போவதும் எதுவும் குறையாமலிருப்பதும்தான் முதுகுவலிக்காரர்களின் நிரந்தரத் தொல்லை.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகளும் தெரிந்திருக்கட்டும். காய்ச்சல், நடுக்கம், கைகால் விறைப்பு, படபடப்பு, குழப்பம் சேர்ந்து வந்தால் அது செரட்டோனின் மிகுதியாக இருக்கலாம். சிறுநீர் முழுவதும் அடைத்துக்கொள்வது, மயங்கி விழுவது, கண் கடுமையாக வலித்துப் பார்வை மங்குவது, கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவது இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. டுலாக்ஸெடின் எடுக்கும் முதியவர் திடீரென்று குழம்பிப்பேசினால் ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்த வகை மருந்துகளைத் தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு, வீட்டார் கவனிக்க வேண்டும். எந்த வயதானாலும் அப்படி எண்ணம் வந்தால் டெலிமானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம். அவசரத்துக்கு 108.

நிறுத்துவது

'நல்லாயிருக்கு, நிறுத்திட்டேன்' என்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். டுலாக்ஸெடினைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், சிடுசிடுப்பு, தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற வெட்டு எல்லாம் வரும். பலர் இதைப் பழைய நோய் திரும்பிவிட்டது என்று எண்ணி மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் புதுவிதமாக வந்தால் அது பெரும்பாலும் மருந்து விட்டதன் எதிர்வினை. வாரங்கள் கழித்துப் பழைய இடத்தில் பழைய மாதிரியே வந்தால் வலி திரும்புகிறது. 60-இலிருந்து 30-க்கு இறங்கிக் குறைந்தது இரண்டு வாரம், வெகுநாள் போட்டவர் என்றால் அதைவிட நிதானமாக. அமிட்ரிப்டிலினை 10 மில்லிகிராம் வீதம் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இறக்குவார்கள். கடைசிப் பத்தை விடும்போது சில இரவு தூக்கம் வராது, தேர்வோ கல்யாண வேலையோ இல்லாத வாரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்து நடுவில் நின்றுபோவதும் சட்டென்று நிறுத்துவதேதான். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து என்பதால் சீட்டின் படத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அமிட்ரிப்டிலின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது, ஜன் ஔஷதி கடையில் கேட்டுப் பார்த்தால் செலவு குறையும்.

மீந்துபோன மாத்திரைகளை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரை எடுக்கும், சின்னக் குழந்தைக்குச் சில மாத்திரைகளே போதும். கைக்கெட்டாத இடத்தில் பூட்டிவைத்து, வேலை முடிந்ததும் மெடிக்கல் ஷாப்பில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து டீத்தூள் சக்கையோடு கலந்து கட்டிக் குப்பையில் போடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே முதுகுவலிதான் என்றாலும் கொடுக்காதீர்கள். அவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம் உண்டா, ட்ரமடால் போடுகிறாரா என்று உங்களுக்குத் தெரியாது.